ஒன்பது மாதம் தாங்கிய இதயம்

மூன்று கிலோ எடையோடு ஒரு குழந்தை பிறக்கிறது. வீறிட்டு அழுகிறது, கைகால்களை உதைக்கிறது. செவிலியர் துடைத்து எடுத்துத் தாயின் மார்பில் போடுகிறார். சில மணி நேரத்தில் உதடும் நகமும் மெல்ல நீலம் பாய்கின்றன. ஆக்சிஜன் வைத்தாலும் நிறம் திரும்புவதில்லை. எக்கோ எடுத்துப் பார்த்தால், இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறி முளைத்திருக்கின்றன. உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி வலது பக்கத்திலிருந்தும், நுரையீரலுக்குக் கொண்டுபோகும் தமனி இடது பக்கத்திலிருந்தும் புறப்படுகின்றன. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘டி.ஜி.ஏ.’ என்பார்கள். சுமார் 3,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று இப்படி நேர்கிறது.

பிரசவத்தின்போது இந்த இதயத்துக்கு எதுவும் ஆகிவிடவில்லை. கரு உருவான எட்டு வாரத்துக்குள்ளேயே அந்தத் தமனிகள் அப்படித்தான் அமைந்துவிட்டன. அதன்பின் மாதக்கணக்கில், நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை துடித்து, விரல் நகம் வரைக்கும் ஒரு முழுக் குழந்தையை வளர்த்தெடுத்ததும் இதே இதயம்தான். இத்தனை மாதம் தாங்கிய இதயம் வெளியே வந்த ஒரே நாளில் ஏன் தடுமாறுகிறது? இதற்கான விடை தெரிந்தால், ‘வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு இதயத்தில் குறை’ என்று ஸ்கேன் அறையில் கேட்ட ஒரு தம்பதிக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான் நிரம்பியிருக்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியில் ஏறி, தொப்புள்கொடி வழியாக வருகிறது. அப்படி வரும் இரத்தத்தில்கூட ஆக்சிஜன் செறிவு 80 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய கருவி 80 என்று காட்டியிருந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்போம். கரு அந்த அளவிலேயே செழிப்பாக வளர்கிறது. கருவின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வேறு வகை; நம்முடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கிடைக்கும் கொஞ்சத்தையும் அது தாயிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

நுரையீரல் வேலை செய்யாதபோது அங்கே நிறைய இரத்தத்தை அனுப்பிப் பயனில்லை. ஆகவே கருவின் இதயத்தில் இரண்டு மாற்றுவழிகள் உண்டு. ஒன்று, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் இருக்கும் துளை. அதற்கு ஒரு சிறு மூடி உண்டு. வலமிருந்து இடமாக மட்டும் திறக்கும். மற்றொன்று, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு குட்டிக் குழாய். டக்டஸ் என்று அதற்குப் பெயர். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே திறந்து வைத்த மடை மாதிரி, நுரையீரலுக்குப் போகவிருந்த இரத்தத்தை அது உடலுக்குத் திருப்பிவிடுகிறது. இதயம் வெளியேற்றும் மொத்த இரத்தத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் நுரையீரலை எட்டுகிறது. ஸ்கேனோ எக்ஸ்ரேயோ இல்லாத 1628லேயே இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இரத்த ஓட்டத்தைப் பற்றிய தம் நூலில் கருவின் இந்த இரண்டு வழிகளையும் விளக்கியிருந்தார். விலங்குகளின் கருக்களை அறுத்துப் பார்த்தும் யோசித்தும் மட்டுமே அவர் இதை எட்டினார் என்பது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

இனி தமனிகளை இடம் மாற்றிவைத்துப் பார்ப்போம். கருவுக்குள் பெரிய வித்தியாசம் வருவதில்லை. நல்ல இரத்தம் நுரையீரலிலிருந்து வரவில்லை, தொப்புள்கொடியிலிருந்து வருகிறது. இரண்டு மாற்றுவழிகளும் திறந்திருப்பதால் எல்லாம் கலந்து எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. ஒரு சின்ன நஷ்டம் உண்டு. இயல்பான கருவில், தொப்புள்கொடியிலிருந்து வரும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் மேலறைத் துளை வழியாக இடதுபக்கம் சென்று பெருந்தமனியில் ஏறி, முதலில் மூளைக்குப் போகிறது. டி.ஜி.ஏ. கருவில் அந்த நல்ல பங்கு நுரையீரல் பக்கம் போய்விடுகிறது. இப்படிப்பட்ட குழந்தைகளின் மூளை முதிர்ச்சி பிறக்கும்போது சிறிது பின்தங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருந்தாலும் குழந்தை வளர்கிறது, உதைக்கிறது, எடை கூடுகிறது. தாய்க்கும் எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

பிறந்தவுடன் எல்லாம் மாறுகிறது. முதல் மூச்சில் நுரையீரல் விரிந்து இரத்தத்தை உள்ளே இழுக்கிறது. தொப்புள்கொடி துண்டிக்கப்படுகிறது. நுரையீரலிலிருந்து திரும்பி வரும் இரத்தத்தால் இடது மேலறையில் அழுத்தம் ஏறி, நடுச்சுவர்த் துளையின் மூடி சாத்திக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் உயர்வதைக் கண்டதும் டக்டஸின் தசை சுருங்கத் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் அடைத்துவிடுகிறது. நீங்களும் நானும் இந்த மாற்றத்தைக் கடந்து வந்தவர்கள்தான். உயிர் வாழும் காலத்தில் இவ்வளவு பெரிய மாறுதல், இவ்வளவு குறுகிய நேரத்தில், மனித உடலில் வேறு எப்போதும் நடப்பதில்லை.

டி.ஜி.ஏ. குழந்தைக்கு இந்த இயல்பான மாற்றமே ஆபத்து. துளையும் டக்டஸும் அடைபட்டால் இரண்டு தனித்தனிச் சுற்றுகள்தான் மிஞ்சும். நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட இரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே போகிறது. உடலிலிருந்து வந்த இரத்தம் திரும்பவும் உடலுக்கே போகிறது. சிகிச்சையே இல்லாத காலத்தில் இக்குழந்தைகளில் பாதி முதல் மாதத்துக்குள்ளும், பத்தில் ஒன்பது முதல் பிறந்தநாளுக்குள்ளும் இறந்தன.

இந்தக் கணக்கை மாற்றியவர்களின் கதை எனக்குத் தனிப்பட்ட விதத்தில் பிடிக்கும். முதலில் வருபவர் ஹெலன் டாசிக். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர். காது சரியாகக் கேட்காது. குழந்தைகளின் மார்பில் கைவைத்து, இதயத்தின் ஓசையை விரல் நுனியில் படித்தவர். நீலம் பாய்ந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்த அவர், அவர்களில் பலர் டக்டஸ் திறந்திருக்கும்வரை சமாளிப்பதையும், அது அடைபட்டதும் சரிவதையும் கண்டுகொண்டார். அப்படியானால் செயற்கையாக ஒரு டக்டஸ் செய்துவிட முடியாதா என்று கேட்டார். 1938ல் ஒரு குழந்தையின் திறந்த டக்டஸை முதன்முதலில் வெற்றிகரமாக மூடிப் புகழ்பெற்றிருந்த ராபர்ட் கிராஸிடம் போய்ச் சொன்னபோது அவர் ஆர்வம் காட்டவில்லை. டாசிக் தம் மருத்துவமனையிலேயே ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவரைப் பிடித்தார். அந்த அறுவையை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து செய்து பழகி முறைப்படுத்தியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். மருத்துவக் கல்லூரியில் படிக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலிமீது நின்று ஒவ்வொரு தையலுக்கும் யோசனை சொன்னவர் தாமஸ்தான். அவருக்கு உரிய பெயர் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அது வேறு வகைக் குறைக்கான அறுவை. ஆனால் டக்டஸைத் திறந்து வைத்தால் குழந்தை பிழைக்கும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் கிளம்பியது.

கத்தியே இல்லாமல் அதைச் செய்ய ஒரு மருந்து பிற்பாடு வந்தது. கருவில் டக்டஸ் திறந்திருப்பதற்கு முக்கியக் காரணம் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அதில் பெரும்பங்கு நஞ்சுக்கொடியில் உருவாகிறது. தொப்புள்கொடி அறுந்ததும் அந்த வரத்து நின்றுபோகிறது. அதே பொருளைச் சொட்டு மருந்தாக நரம்பில் ஏற்றினால் டக்டஸ் மூடாமல் இருக்கும், மூடத் தொடங்கியதும் திரும்ப விரியும். 1975ல் நியூசிலாந்து மருத்துவர்கள் பச்சிளம் குழந்தைகளிடம் இதைச் செய்து காட்டினார்கள். இன்றைக்கு இதயக் குறையோடு பிறக்கும் பல குழந்தைகளுக்கு முதல் மணி நேரத்தில் உயிர் தருவது இந்த மருந்துதான். சில குழந்தைகளுக்கு இதனால் மூச்சு நின்று நின்று வரும். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்போடுதான் கொடுக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தை ஒவ்வொரு கர்ப்பிணியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பவை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவற்றை விழுங்கினால், கருவுக்குள்ளேயே டக்டஸ் சுருங்கிவிடக்கூடும். முதுகுவலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் கர்ப்பகாலத்தில் கூடவே கூடாது என்பதற்கு இது ஒரு வலுவான காரணம். குறைமாதத்தில் பிறந்து டக்டஸ் மூடாமல் அவதிப்படும் குழந்தைகளுக்கோ இதே வகை மருந்தைத்தான் அளவோடு கொடுத்து மூட வைக்கிறார்கள்.

மேலறைத் துளை மிகச் சிறிதாக இருக்கும் குழந்தைக்கு டக்டஸ் மட்டும் போதாது. 1966ல் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ராஷ்கிண்ட் அதற்கொரு வழி கண்டார். தொடை இரத்தநாளம் வழியாகவோ தொப்புள் இரத்தநாளம் வழியாகவோ மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, துளையைத் தாண்டி இடது மேலறையில் அதன் நுனியிலுள்ள பலூனை ஊதி, வெடுக்கென்று இழுப்பார்கள். சுவர் கிழிந்து துளை பெரிதாகிறது. இரத்தம் கலக்கிறது. நீலம் கண்ணெதிரே குறைகிறது. குழந்தையின் படுக்கையருகிலேயே எக்கோ பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடிகிறது.

ஆனால் இவை எல்லாம் நேரம் வாங்கித் தருபவை. நிரந்தரத் தீர்வு பிரேசிலிலிருந்து வந்தது. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அடிப் ஜத்தேனே, 1975ல் சாவ் பாவ்லோவில் இரண்டு தமனிகளையும் அறுத்து, இடம் மாற்றிப் பொருத்தினார். கடினம் பெருந்தமனியில் இல்லை. அதன் அடியிலிருந்து கிளைத்து இதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் கரோனரி நாளங்களில் இருக்கிறது. அவற்றின் விட்டம் ஓரிரு மில்லிமீட்டர். அவற்றையும் சுற்றியுள்ள சிறு வட்டத்தோடு வெட்டியெடுத்து, புதிய பெருந்தமனியில் முறுக்கில்லாமல் தைக்க வேண்டும். கொஞ்சம் மடிந்தாலும் இதயத் தசை பட்டினி கிடக்கும். தொடக்க ஆண்டுகளில் பல குழந்தைகள் இறந்தார்கள். இன்று தேர்ந்த மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்து, பள்ளிக்கூடம் போகிறார்கள், ஓடியாடுகிறார்கள். வருடந்தோறும் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

இந்த அறுவைக்கு ஒரு கெடுவும் உண்டு. இடது கீழறை இயல்பாக உடல் முழுமைக்கும் இரத்தத்தைத் தள்ளும் வலுவான அறை. டி.ஜி.ஏ.யில் அது நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது. பிறந்தபின் நுரையீரலின் எதிர்ப்பு குறையக் குறைய, வேலையில்லாத அந்த அறையின் தசை மெலிகிறது. ஆகவே முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அறுவை முடிந்துவிட வேண்டும். இந்தக் கெடு தெரியாமல் ஊர் ஊராக அலைந்து இரண்டாம் மாதத்தில் வந்து சேர்ந்தால், செய்ய முடிந்தது சுருங்கிவிடும்.

இங்கேதான் கருவிலேயே கண்டறிவதன் மதிப்பு விளங்குகிறது. லண்டனில் லிண்ட்சே ஆலன் என்ற மருத்துவர் 1980 வாக்கில், கருவின் இதயத்தை ஒலி அலைகளால் அறை அறையாகப் பார்க்க முடியும் என்பதை முறைப்படுத்தினார். அதன்பின் பலன் எண்ணிக்கையாகத் தெரிய அதிக காலம் ஆகவில்லை. பாரிஸ் மருத்துவர்கள் 1999ல் வெளியிட்ட ஆய்வில், டி.ஜி.ஏ. இருப்பது பிறந்தபின் தெரியவந்த 250 குழந்தைகளில் 15 பேர் அறுவைக்கு முன்பே இறந்திருந்தார்கள். அறுவை செய்யப்பட்ட 235 பேரில் மேலும் 20 பேர் இறந்தார்கள். கருவிலேயே கண்டறியப்பட்ட 68 பேரில் அறுவைக்கு முன்னும் பின்னும் ஒருவர்கூட இறக்கவில்லை. இதயம் அதே இதயம், அறுவை அதே அறுவை. முன்னரே தெரிந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் டி.ஜி.ஏ.யைக் கருவில் கண்டுபிடிப்பது சுலபமில்லை. அஞ்சாம் மாத ஸ்கேனில், அதாவது 18 முதல் 22 வாரத்துக்குள், இதயத்தின் மொத்த அளவே சுமார் இரண்டு சென்டிமீட்டர். வழக்கமாக முதலில் பார்ப்பது நான்கு அறைகளையும் ஒரே படத்தில் காட்டும் கோணம். அந்தக் கோணத்தில் டி.ஜி.ஏ. இதயம் முற்றிலும் சரியாகத் தெரியும்! நான்கு அறைகளும் இருக்கின்றன, சுவரும் இருக்கிறது. கருவியைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, தமனிகள் கிளம்பும் இடத்தைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இயல்பான இதயத்தில் இரண்டு தமனிகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். டி.ஜி.ஏ.யில் இணையாக, பக்கம் பக்கமாக ஓடும். அந்தச் சில விநாடிகள் பார்வையில்தான் ஒரு குழந்தையின் எதிர்காலம் இருக்கிறது. குழந்தை குப்புறப் படுத்திருந்தாலோ தாயின் வயிற்றுச் சுவர் தடிமனாக இருந்தாலோ ஒரே நாளில் சரியாகத் தெரியாமலும் போகலாம். ‘ஒரு வாரம் கழித்து வாருங்கள்’ என்று சொல்லும் ஸ்கேன் மருத்துவர் பொறுப்பானவர். அவரிடம் கோபிக்க வேண்டாம்.

குறை தெரிந்த அன்று வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். ‘கிரகணத்தன்று வெளியே வந்தியா, பப்பாளி தின்னியா, மாடிப்படி ஏறினியா’ என்று கேள்விகள் அந்தப் பெண்ணைச் சூழ்ந்துகொள்ளும். ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். இதயம் உருவாகும் வேலை மூன்றாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தாம் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்கு அப்போதுதான் தெரிய வரும். கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்பாடின்றி இருந்த சர்க்கரை நோய், ருபெல்லா அம்மை, வலிப்புக்கான சில மருந்துகள், நெருங்கிய உறவில் திருமணம் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று ஏதோ ஒரு இதயக் குறையோடு பிறக்கிறது. கிரகணமும் பப்பாளியும் இந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள்.

அடுத்து எழும் கேள்வி, கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது. அது அந்தப் பெண்ணும் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. கருவில் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்கு 2021ல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது. என் அக்கறை எல்லாம், குழந்தைகள் இதய மருத்துவரைப் பார்த்துப் பேசாமல் அந்த முடிவுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான். ‘இதயத்தில் கோளாறு’ என்ற ஒரே சொல்லுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும் சின்ன ஓட்டையும் உண்டு, ஒரே அறுவையில் சீராகும் டி.ஜி.ஏ.யும் உண்டு, இடதுபக்க இதயமே வளராமல் மூன்று அறுவைகள் கேட்கும் கடும் குறையும் உண்டு. எது என்று தெரியாமல் எடுக்கும் முடிவு முடிவாகாது.

தொடர்வது என்று ஆனால், பிரசவத்துக்கான இடம் மாற வேண்டும். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது நம் வழக்கம். அன்பான வழக்கம்தான். ஆனால் தாய்வீடு இருக்கும் ஊரில் புரோஸ்டாகிளாண்டின் மருந்தும், பலூன் போடத் தெரிந்த மருத்துவரும் இல்லை என்றால் அந்த வழக்கத்தை இந்த ஒரு தடவை தள்ளிவைக்க வேண்டும். அம்மா வந்து பெண்ணோடு நகரத்தில் தங்கட்டும். நீலம் பாய்ந்த பச்சைக் குழந்தையை இரவில் ஆம்புலன்ஸில் ஏற்றி நூறு கிலோமீட்டர் ஓடுவதைவிட, வயிற்றில் குழந்தையோடு தாய் முன்கூட்டியே போய்ச் சேர்வது எவ்வளவோ பத்திரம்.

சிசேரியன் செய்துதான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலான இதயக் குறைகளில் சுகப்பிரசவம் ஆகலாம். பயந்து முன்கூட்டியே எடுத்துவிடுவதும் நல்லதல்ல; 39 வாரம் நிரம்பி, எடையோடு பிறக்கும் குழந்தை அறுவையை நன்றாகத் தாங்கும். பணத்தைப் பற்றிய பயமும் கர்ப்பகாலத்திலேயே தீர வேண்டியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2013ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யும் பிறவி இதய நோய்க்கு உதவுகின்றன. கேரளம் 2017ல் இதற்கென்றே ‘ஹ்ருதயம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, குழந்தையின் விவரத்தைப் பதிவுசெய்து, எவ்வளவு அவசரம் என்று பார்த்து மருத்துவமனையில் இடம் ஒதுக்குகிறது. நம் ஊரிலும் அப்படியொரு பதிவு கர்ப்பிணியின் ஸ்கேன் நாளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கர்ப்பிணியாக இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அஞ்சாம் மாத ஸ்கேனில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதயத்தில் நான்கு அறைகள் பார்த்தீர்கள் சரி, தமனிகள் குறுக்கே போவதையும் பார்த்தீர்களா?’ ஸ்கேனில் தப்பிய குறையைப் பிறந்தபின் பிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. அளவு 95க்குக் குறைவாக இருந்தால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். குழந்தைக்கு எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.